பார்த்துக்கொள்ள ஓர் உருண்டை

உருண்டை வந்த அன்றைக்கு சுயம்புக்கனி மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள், அதனால் அவள் அதைப் பார்க்கவில்லை. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்பவள் வானத்தை எங்கே பார்ப்பது. மாசிக் கடைசி, உப்பளங்களில் முதல் உப்பு வாருதல் முடிந்து கடற்கரை நெடுக வெள்ளை வெள்ளையாக அம்பாரங்கள் எழும்பி நின்ற நேரம். தருவைக்கரையில் மற்ற எல்லோரும் பார்த்தார்கள்: தெற்கே கடல் பக்கமிருந்து ஒரு பளபளப்பு அவசரமில்லாமல் இறங்கி வந்து, தண்ணீர்த் தொட்டிக்கும் செல்போன் கோபுரத்துக்கும் நடுவில் நுழைந்து, அம்மன் கோயில் தெரு, மாதாகோயில் தெரு, பள்ளிவாசல் தெரு, உப்பளக் காலனி என்று ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, விசேஷத்துக்கு வந்த ஆள் வீடு தெரியாமல் முழிப்பதுபோல முச்சந்தியில் கொஞ்சம் நின்று, மறுபடியும் முதலிலிருந்து சுற்றத் தொடங்கியது.

மாவு வாங்க வந்த பெண்கள்தான் அவளிடம் சொன்னார்கள்.

“வானத்துல ஒரு குடம் சுத்துதுக்கா.”

“சுத்தட்டும். ஒன் டப்பாவ எடுத்து வை, மூடி மாறிப் போயிரும்.”

குடம் என்று சொன்னதில் தப்பில்லை. துலக்கிக் கவிழ்த்த எவர்சில்வர் குடத்தின் மினுக்கு அதற்கு இருந்தது, ஆனால் வாயும் கிடையாது, அடியும் கிடையாது, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே உருண்டை, பெரிய பூசணிக்காய் அளவு. சத்தம் போடவில்லை. விளக்கு எரியவில்லை. காக்காய் ஒன்று அதன் மேல் உட்கார்ந்து பார்த்து, சூடு தாங்காமல் எழுந்து போனது. இரண்டு நாளில் பஸ் கண்டக்டர்கள் ‘உருண்டை ஸ்டாப்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அதன் குணம் தெரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். ஊரில் பாதிப் பேர் தொழுகையில், மீதிப் பேர் சாப்பாட்டில். தொழுகை முடிந்து வெளியே வந்த டீக்கடை காஜா முகைதீன், உருண்டை தன் கடைக் கூரையைத் தொடுகிற உயரத்துக்கு இறங்கி, காற்றுப்போன பந்து மாதிரி தள்ளாடுவதைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அது நிமிர்ந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார், மெல்ல மெல்ல ஏறி வேப்பமரத்து உச்சிக்குப் போனது. கல்லாவைத் திறக்கத் திரும்பினார்; இறங்கியது. இப்படி நாலைந்து தடவை பார்த்தும் திரும்பியும் சோதித்த பிறகு, கடைக்கு வந்த ஆட்களிடம், “பாவம், அத யாராச்சும் பாத்துக்கிட்டே இருக்கணும் போலிருக்கு,” என்றார்.

தருவைக்கரை அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. எதற்காகப் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. கன்றுக்குட்டி பால் கேட்டால் எதற்கு என்று யாராவது கேட்பார்களா. தரைக்கு வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் அது தரையில் கிடப்பதை நினைத்தாலே எல்லோருக்கும் ஒரு மாதிரி இருந்தது.

விஷயம் கேள்விப்பட்டு விண்வெளிக் கண்காணிப்பு அலுவலகம் ஒன்றிலிருந்து பூரணி என்கிற அதிகாரி ஜீப்பில் வந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, காலில் சேறு. காஜாவின் கடை பெஞ்சில் உட்கார்ந்து பைனாக்குலரில் வெகுநேரம் பார்த்தாள். மாவு டப்பாக்களைக் கொடுக்க வந்த சுயம்புக்கனியும் ஒரு ஓரமாக நின்று கேட்டாள்.

“இது ரொம்பப் பழைய செயற்கைக்கோள்மா. எந்த நாட்டுதுன்னுகூட இப்ப சரியாச் சொல்ல முடியாது. உள்ள ஒண்ணுமே கிடையாது. கேமரா இல்ல, பேட்டரி இல்ல, எதையும் அனுப்பாது.”

“பெறகு எதுக்கு மேல விட்டாங்க?” என்று காஜா கேட்டார்.

“ரேடார் இருக்குல்ல, அது சரியாப் பாக்குதான்னு தெரியறதுக்கு. இதோட அளவு நமக்குத் தெரியும், எப்பவும் மாறாது. ரேடார் இதப் பாத்து அதே அளவச் சொன்னா ரேடார் சரியா இருக்கு. கூடக் குறையச் சொன்னா ரேடார்லதான் கோளாறு. பாக்குறவங்களப் பத்திச் சொல்லத்தான் இது.”

“இப்ப ஏன் எறங்கி வந்துட்டு?”

பூரணி டீயை ஒரு வாய் குடித்தாள். “இதப் பாத்துக்கிட்டிருந்த ரேடாரெல்லாம் மூடி வருசக்கணக்காச்சு. யாரும் பாக்குறதில்ல.” டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அப்படின்னு நான் மேலிடத்துக்கு எழுத முடியாது,” என்றாள்.

எடுத்துப்போக வலையும் ஏணியும் கொண்டுவந்திருந்தாள். வலை போட்டு இழுத்தார்கள். உருண்டை வலையோடு சேர்ந்து ஊரைச் சுற்றியது. பள்ளிவாசல் மினாரா அருகே வலை தானாகக் கழன்று விழுந்தது. பூரணி சிரித்துவிட்டு, பார்க்கிறவர்களை நம்பி விட்டுப்போவதாகச் சொல்லிக் கிளம்பினாள்.

அதற்கப்புறம் ஊரில் முறை வைத்தார்கள். குழாய்த் தண்ணீருக்கு வைப்பதுபோலத் தெருவாரியாக. காலையில் அம்மன் கோயில் தெரு, வெயில் ஏறினால் மாதாகோயில் தெரு, இருட்டினால் உப்பள வாட்ச்மேன்களும் லாரிக்காரர்களும். புளி உடைக்கிற பெண்கள் ஆளுக்கு ஒருவராக அண்ணாந்துகொண்டு மற்றவர்களிடம் புளியைத் தள்ளிவிட்டார்கள். எல்லோருக்கும் பிடரி வலித்தது. மெடிக்கலில் தைலம் தீர்ந்து தூத்துக்குடியிலிருந்து பெட்டி பெட்டியாக வந்தது. பங்குச் சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கினார். அம்மன் கொடைத் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் வாண வேடிக்கை வேண்டாம் என்று முடிவு செய்தார்கள், உருண்டை மிரண்டுவிடும் என்று.

பார்ப்பதிலும் வகை இருக்கிறது என்பது போகப்போகத்தான் தெரிந்தது. கண் மட்டும் அண்ணாந்திருந்து நினைப்பு வேறெங்கோ இருந்தால் உருண்டை இறங்கியது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் முறைக்கு உட்கார்ந்து, கண் எடுக்காமல்தான் பார்த்தார். உருண்டை அவர் தலைக்கு ஒரு முழம் மேலே வந்துவிட்டது, அப்புறம்தான் அவர் வீட்டுக் கடனை நினைத்துக்கொண்டிருந்ததை ஒப்புக்கொண்டார். புதிதாகக் கல்யாணமான ஒருத்தி தன் புருஷனை முற்றத்தில் நிறுத்தி, உருண்டையைப் பார்க்கச் சொல்லி, அது ஏறுகிறதா என்று ஜன்னல் வழியாகக் கவனித்தாள். வீட்டில் யாராவது பேசும்போது ‘ம்’ கொட்டிக்கொண்டே வேறெதையோ நினைப்பவர்களுக்கு ‘உருண்டை எறங்குது’ என்று சொல்வது ஊர் வழக்கமாகிவிட்டது.

சுயம்புக்கனி மட்டும் முறைக்குப் போகவில்லை. காஜா மில்லுக்கே வந்து கேட்டார்.

“ஒரு அரை மணி நேரம்தான் தாயி. எல்லாரும் பாக்குதாங்க.”

“நான் பாத்துக்கிடுறதுக்கு என் வீட்லயே ஒண்ணு கெடக்கு பாய்.”

காஜா தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

கிடந்தது அவள் புருஷன் வைகுண்டமணி. உப்பு லாரி ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் பைபாஸில் லாரி கவிழ்ந்து தலையில் அடி. உயிர் தங்கியது, மற்றதெல்லாம் போனது. கை கால் அசையாது, பேச்சில்லை, குழாய் வழியாகக் கஞ்சி. பகலில் கண் திறந்திருக்கும், இமை தட்டும், அவ்வளவுதான். திருநெல்வேலிப் பெரிய டாக்டர் அந்தக் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “கண்ணு திறந்திருக்கும்மா, ஆனா உள்ள ஆள் இல்ல,” என்றார். அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் அவரிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். மில்லை ஒட்டிய தகரக் கொட்டகையில், மெஷினிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற இடத்தில் கட்டிலைப் போட்டு, திறந்த பக்கம் முகம் இருக்கிறமாதிரிப் படுக்க வைத்திருந்தாள். ஒரு மணிக்கு ஒரு தரம் வந்து புரட்டிவிடுவாள். மாவு படிந்த கையோடு வந்து புரட்டிப் புரட்டி அவர் சட்டையெல்லாம் வெள்ளை வெள்ளையாக அவள் விரல் இருக்கும்.

பங்குனியில் அவருடைய அக்கா தங்கபுஷ்பம் ஏரலிலிருந்து வந்து பத்து நாள் தங்கினாள். தம்பியைக் குளிப்பாட்டினாள், நாத்தனார் அதிகாரம் எதுவும் காட்டவில்லை, சுயம்புக்கனி எந்திரிக்கும் முன்னாலேயே எந்திரித்து வாசல் பெருக்கினாள். ஊருக்குக் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது சுயம்புக்கனியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“ஏளா, இந்தக் கையப் பாரு. ஒனக்கு என்ன வயசாகுது? நாகர்கோயில் பக்கம் ஒரு இல்லம் இருக்கு. இவன மாதிரி ஆளுகள நல்லாப் பாத்துக்கிடுதாங்க. நான் போயிப் பாத்துட்டுத்தான் வந்தேன்.”

“ஊரு என்ன சொல்லும் மைனி?”

“ஊரா வந்து புரட்டிவிடுது?”

சுயம்புக்கனி அழவில்லை. அழுவதற்குக்கூட உட்கார வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு சரி என்றாள். கட்டிலுக்கு ஒரு பக்கம் ஒருத்தி, மறுபக்கம் ஒருத்தியாக நின்று, வேன் என்றைக்கு வரும், எத்தனை வேட்டி எடுத்துப் போக வேண்டும், எத்தனை மாதத்துக்கு ஒருதரம் போய்ப் பார்ப்பது என்று அவருக்கு மேலாகவே பேசி முடித்தார்கள்.

வேன் வருவதற்கு முந்தின நாள் மழை வந்தது. வரக்கூடாத மழை. காலையில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்த வானம் சாப்பாட்டு நேரத்துக்குள் கறுத்து, கடலிலிருந்து காற்றை உருட்டிக்கொண்டு வந்தது. உப்பு அம்பாரங்கள் மூடாமல் கிடந்தன. அவ்வளவு பேருடைய இத்தனை நாள் உழைப்பும் ஒரு மழையில் தண்ணீராகிவிடும். மாதாகோயில் மணி அடித்தது, பள்ளிவாசல் மைக்கில் கூப்பிட்டார்கள், ஊரே ஓடியது. தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு, கீற்றைத் தூக்கிக்கொண்டு, கல்யாண வீட்டு ஜமுக்காளத்தைத் தூக்கிக்கொண்டு, கிழவர்களும் வாயும் வயிறுமாக இருந்தவளும் பங்குச் சாமியாரும் ஓடினார்கள். முறைக்கு உட்கார்ந்திருந்தவர்கள் ஓடினார்கள். காஜா அடுப்பை அணைக்காமல் ஓடினார். சுயம்புக்கனி கொட்டகையின் சாக்குப் படுதாவை முக்கால்வாசி இறக்கிவிட்டு, தங்கபுஷ்பத்தையும் இழுத்துக்கொண்டு ஓடினாள், ஏனென்றால் அவள் மில்லில் வருஷம் முழுக்க அரைபடுவது அந்த உப்புக் கூலியில் வாங்குகிற அரிசிதான்.

யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் உப்பின் மேல் இருந்தது.

மழை விட்டபோது முக்கால் பங்கு உப்பு தப்பித்திருந்தது. நனைந்த தார்ப்பாய்களுக்கு நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர்களில் யாரோ ஒருவர்தான் மெல்லச் சொன்னார்: “உருண்டைய யாரு பாத்தா?”

அவ்வளவு நேரம் அது பார்வையில்லாமல் இருந்ததே கிடையாது. இழவு வீட்டுக்குப் போகிற கூட்டம்போலப் பேச்சில்லாமல் ஊருக்குத் திரும்பி, சாக்கடைகளிலும் கூரைகளுக்கு மேலும் கருவேலப் புதர்களிலும் தேடினார்கள். சுயம்புக்கனி தேடவில்லை. படுதா காற்றில் பறந்து அவர் நனைந்திருப்பாரே என்று நேரே வீட்டுக்கு ஓடினாள்.

படுதா அறுந்துதான் போயிருந்தது. வைகுண்டமணி தலையிலிருந்து கால்வரை நனைந்து, திறந்த கண்ணில் மழைத்தண்ணீர் வழிய, வானத்தைப் பார்த்தபடி கிடந்தார். அவர் முகம் இருந்த திசைக்கு நேராக, கழுவிவிட்ட வானத்தில், செல்போன் கோபுரத்துக்கும் மேலே, அதுவரைக்கும் யார் பார்த்தும் ஏறாத உயரத்தில் உருண்டை ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

சுயம்புக்கனி முதலில் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். துடைக்கும்போது துணி கண்ணை மறைத்தது. வானத்தில் மினுக்கு ஒன்று சரிவது ஓரக்கண்ணில் பட்டது. அவள் கையை எடுத்தாள். நின்றது. தானும் பார்ப்பதால்தானோ என்று, வானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கட்டிலருகே தேங்கிய தண்ணீரில் அதன் நிழலை மட்டும் பார்த்தபடி, உள்ளங்கையை அவர் கண்ணின் மேல் வைத்தாள். தண்ணீரில் தெரிந்த வெள்ளைப் புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்தது. கையை எடுத்தாள். சின்னதானது. வைத்தாள், பெரிதானது. எடுத்தாள், சின்னதானது.

அப்புறம் கையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

பின்னாலேயே வந்த தங்கபுஷ்பம் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மைனி, ஒரு தரம் நீங்க வச்சுப் பாருங்க.”

தங்கபுஷ்பம் வந்து தம்பியின் கண்ணின் மேல் கையை வைத்தாள், எடுத்தாள். இரண்டாவது தரம் வைக்கவில்லை. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து, “உள்ளதான் இருக்கியாடா,” என்றாள்.

உள்ளேதான் இருந்தார். அது சந்தோஷமாக வந்து சேரவில்லை சுயம்புக்கனிக்கு. மூன்று வருஷமாக இருந்திருக்கிறார் என்பதுதான் முதலில் வந்தது. டாக்டர் சொன்னபோது இருந்திருக்கிறார். வேட்டிகளை எண்ணியபோது இருந்திருக்கிறார். போன கோடையில் ஒரு மத்தியானம், மலம் துடைத்துக்கொண்டிருந்தவள் தாங்க முடியாமல், “அன்னைக்கே போய்ச் சேந்திருந்தா ரெண்டு பேருக்கும் நல்லாருந்திருக்கும்,” என்று சொன்னாளே, அப்போதும் இந்தக் கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் காலையில் இல்லத்து வேன் வந்தபோது சுயம்புக்கனி கட்டிலருகே இருந்து எழுந்திருக்கவே இல்லை. தங்கபுஷ்பம்தான் தெருமுனைவரை நடந்துபோய் டிரைவரிடம் பேசினாள். “எங்க ஆளு வரலையாம்,” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, வரும் வழியில் காஜாவின் கடையில் நின்று விஷயத்தையும் சொல்லிவிட்டு வந்தாள்.

பத்து மணிக்குள் மில் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. யாரும் ஆச்சரியப்படவில்லை, இத்தனை நாள் ஒரு நல்ல பார்வைக்காரரை முறையில் சேர்க்காமல் விட்டோமே என்றுதான் வருத்தப்பட்டார்கள். கண் திறந்திருந்தும் நினைப்பு விலகினால் உருண்டை இறங்கும் என்பது ஊருக்கே தெரிந்த சங்கதி, ஆகையால் ஆமாம் என்றால் பார்க்கவும் இல்லையென்றால் பார்க்காமல் விடவும் வைகுண்டமணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கூட்டம் முழுக்க வானத்துக்கு முதுகைக் காட்டி, கட்டிலைச் சுற்றித் தரையைப் பார்த்து நின்றது. முற்றத்தில் பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் வைத்து, அதில் விழுகிற நிழலைத்தான் பார்த்தார்கள்: புள்ளி சின்னதானால் உருண்டை ஏறுகிறது, ஆமாம்; பெரிதானால் இறங்குகிறது, இல்லை.

“மணி, நான் யாருன்னு தெரியுதா? காஜா.”

புள்ளி சின்னதானது. காஜா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

லாரி செட்டில் கூட வேலை பார்த்தவர் லாரியைப் பற்றிக் கேட்டார். வலி இருக்கிறதா என்று பங்குச் சாமியார் கேட்டார். இருந்தது, இடது தோளில், மூன்று வருஷமாகப் புரட்டிப் போடுகிற பக்கம். வருகிற பஞ்சாயத்துத் தேர்தலில் யார் ஜெயிப்பார்கள் என்று ஒருவர் கேட்டதற்கு உருண்டை வேகமாக இறங்கி வந்ததில், எல்லோரும் கேட்டவரைத்தான் முறைத்தார்கள். தினமும் குழாயில் விடுகிற கேப்பைக் கஞ்சியின் வாசனை பிடிக்கிறதா என்று தங்கபுஷ்பம் கேட்டாள். வீட்டுக் கூரைவரைக்கும் இறங்கியது.

“போதும்,” என்று சுயம்புக்கனி சொன்னாள். “எல்லாரும் கொஞ்சம் போங்க.”

போனார்கள். தங்கபுஷ்பமும் போனாள், படுதாவை இழுத்துக் கட்டிவிட்டு, வானம் தெரிகிற பக்கத்தை மட்டும் திறந்து வைத்துவிட்டு. வெளியே தெருவில் அத்தனை பேரும், முறைக்காரர்கள் உட்பட, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் தலையைத் தூக்கவில்லை.

சுயம்புக்கனி தாம்பாளத்தைக் கட்டிலருகே இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். மெஷின் ஓடவில்லை. அந்தக் கொட்டகையில் அவ்வளவு அமைதி அவளுக்குப் பழக்கமில்லை.

“அத்தான்.”

புள்ளி இருந்த இடத்தில் இருந்தது.

“நான் பேசுனதெல்லாம் கேட்டியளா?”

தண்ணீரில் புள்ளி கொஞ்சம் சின்னதானது. கேட்டிருக்கிறார்.

“போன கோடையில சொன்னது?”

இன்னும் சின்னதானது.

அவள் தாம்பாளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தாள். மன்னித்துவிட்டேன் என்று உருண்டை ஏறினால் அதை எப்படி நம்புவது, அவர் பாவம் பார்த்துச் சொல்வதாகத்தானே இருக்கும் என்றும் நினைத்தாள். லாரி ஓட்டிய காலத்தில் இந்த மனுஷன் குழம்பில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவர், இரண்டு நாள் பேசாமல் இருக்கிறவர், மூன்றாம் நாள் தூத்துக்குடியிலிருந்து மக்ரூன் பொட்டலம் வாங்கிவந்து ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போகிறவர். அவரிடம் கேட்க ஒன்றுதான் இருந்தது.

“எம்மேல கோவமா இருக்கியளா?”

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர்கூட அசையவில்லை. பிறகு புள்ளி சின்னதாகத் தொடங்கியது. மிளகளவாகி, கடுகளவாகி, அப்படியும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்ததில் அவள் தாம்பாளத்தை விட்டுத் தலையைத் தூக்கி நேராகவே பார்த்தாள். தொட்டியைத் தாண்டி, கோபுரத்தைத் தாண்டி, பருந்துகள் சுற்றுகிற உயரத்தையும் தாண்டி, வெயிலில் ஒரு ஊசிமுனையாக மின்னிக்கொண்டு உருண்டை மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

சுயம்புக்கனிக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூச்சாக வந்து, பிறகு சத்தமாக, தெருவில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிறமாதிரி வந்தது. மூன்று வருஷமாக அந்த வீட்டில் அவள்மேல் கோபப்பட ஒரு ஆள் இல்லாமல் இருந்தது.

“இருக்கட்டும்,” என்றாள். “எவ்வளவு வேணும்னாலும் இருங்க.”

அப்புறம் அவரை இடது தோள் அழுந்தாதபடி மறுபக்கமாகப் புரட்டிப் போட்டாள். அந்தப் பக்கம் வானம் தெரியவில்லை. அவள் முகம் தெரிந்தது.